எந்த பிரேக் என்று யாரும் எழுதவில்லை

தேரடித் தெரு பிரவுசிங் சென்டரில் அவர் எனக்குப் பக்கத்து நாற்காலி. நான் வேலைக்கு விண்ணப்பம் போட வருவேன். அவர் சண்டை போட வருவார். நரைத்த மீசை, வெயிலில் கறுத்த முகம், வாசலில் செம்மண் அப்பிய கியர் சைக்கிள். மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கம் ஒன்றில், டிஸ்க் பிரேக்தான் நல்லது என்று மாதக்கணக்கில் வாதாடிக்கொண்டிருந்தார். எதிராளி ஒரு பெங்களூர்க்காரர். பழைய ரப்பர் பிரேக்கே போதும் என்பவர். இருவரும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் எதிராளி இரண்டு நாள் எழுதாவிட்டால் இவருக்கு இருப்புக்கொள்ளாது. பதிலை அனுப்பும் முன் முணுமுணுத்துப் படித்துப் பார்ப்பது இவர் வழக்கம்.

ஒரு நாள் முணுமுணுப்பே கேட்கவில்லை. திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னாங்க, பதில் வரலியா?" என்றேன்.

"அவரு தவறிட்டாருங்க. மலை இறக்கத்துல சைக்கிள் நிக்கலியாம். கூடப் போனவங்க எழுதியிருக்காங்க."

அதை மறுபடி மேலிருந்து படித்துவிட்டு, "எந்த பிரேக்குன்னு யாரும் எழுதல," என்றார்.

"கேட்டுப் பாருங்களேன்."

"எப்படிங்க கேக்கறது? ஜெயிக்கறதுக்குக் கேக்கறான்னு நெனைப்பாங்க." குரல் இறங்கியது. "போன வாரந்தான், இவ்ளோ சொல்றீங்களே, ஒருதரம் டிஸ்க்குக்கு மாத்திப் பாக்கறேன்னு எழுதியிருந்தாரு."

அதன்பிறகு அவர் சென்டருக்கு வரவில்லை. எந்த பிரேக் என்று தெரிந்திருந்தால், எந்தப் பதில் அவரைத் தூங்க விட்டிருக்கும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.