இரண்டு தட்டு

இசக்கி, மணி... என் பிள்ளைகளே! இசக்கியின் முதல் வேலை கைவிட்டுப் போனதற்குக் காரணம் இசக்கி இல்லை. நான். அதை இத்தனை காலம் மூடி வைத்ததும் நான்தான்.

மணி, இதை அக்காவுக்கு நீ வாசித்துக் காட்டு. நிறுத்தி நிறுத்தி வாசி. பள்ளியில் மலையாளம் படிக்கிற உனக்குத் தமிழ் எழுத்தைக் கூட்டித்தான் வாசிக்க வரும், தெரியும். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு எழுத வருவது இது ஒன்றுதான்.

இசக்கி, எதையும் படிக்க உனக்கு நாளாகும். சிறு வயதிலிருந்தே அப்படி. ஆனால் படித்ததை நீ மறந்ததில்லை. நம் டீக்கடைக்கு வரும் கண்டக்டர்களில் யாருக்குச் சீனி கம்மி, யாருக்கு ஸ்ட்ராங் என்று என்னைவிட உனக்குத்தான் தெரியும். இதை மட்டும் நான் நினைத்துப் பார்த்திருந்தால்... பார்க்கவில்லையே!

பயிற்சி மையத்தில் ஷீபா டீச்சர் உனக்குத் துணி மடிக்கப் பழக்கினார். பட்டம் ஸ்டாப் பக்கத்தில் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில், வேலை பழக இடமும் வாங்கிக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை. நம் கடை இருக்கும் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி, பட்டத்தில் நீ தனியாக இறங்க வேண்டும்.

அதற்கு டீச்சர் சொல்லித் தந்த அடையாளம் பள்ளிக்கூடத்து மதில். மதில் வந்ததும் எழுந்துவிடு, அவ்வளவுதான். பல நாள் உன்னோடு பஸ்ஸில் வந்தார். கடைசியில் ஒரு பரீட்சை. நீ முன்னால் பெண்கள் சீட்டில்; டீச்சர் உனக்குத் தெரியாமல் பின்சீட்டில்.

அதற்கு முந்தின நாள் கடையில் ஒருவர், "அண்ணாச்சி, பிள்ள பட்டத்துல எறங்குமா, பாறசாலைக்குப் போயி எறங்குமா?" என்று கேட்டார். பாறசாலை நேர் எதிர்த்திசை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்... பெற்ற தகப்பன்!

அன்று சாயங்காலம் அந்த பஸ்ஸின் கண்டக்டர் சசி டீ குடிக்க வந்தபோது தனியாகக் கூப்பிட்டேன்.

"சேட்டா, ஸ்டாப்பு வரும்போ அவ முன்னால உள்ள கம்பியில ரெண்டு தட்டு தட்டணும். டீச்சருக்குத் தெரியாண்டாம்."

"அதினெந்தா, தட்டாமல்லோ" என்று, தட்டுவதாக ஒப்புக்கொண்டு அவர் சிரித்தார்.

தட்டினார். நீ இறங்கினாய். டீச்சருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நான் ஊருக்கெல்லாம் லட்டு கொடுத்தேன்.

அத்தோடு விட்டேனா? தினமும் தட்டச் சொன்னேன். சும்மா ஒரு தைரியத்துக்கு. யாருடைய தைரியத்துக்கு...? நீ மதிலைப் பார்ப்பதை விட்டாய். தட்டைக் கேட்கப் பழகினாய். டீச்சர் பாடுபட்டுப் பழக்கியதை அழித்து, நான் வேறொன்றைப் பழக்கினேன். நீதான் எதையும் மறக்க மாட்டாயே!

பிறகு சசி வேறு வண்டிக்கு மாறினார். புதியவருக்கு ஒன்றும் தெரியாது. பட்டம் போயிற்று, உள்ளூர் ஸ்டாப்பும் போயிற்று, கடைசி ஸ்டாப்பான கழக்கூட்டத்தில் வண்டியே காலியாயிற்று. தகவல் தெரிந்து நானும் டீச்சரும் ஓடி வந்தபோது, பையை மடியில் வைத்துக்கொண்டு நீ அதே சீட்டில் இருந்தாய். அழவில்லை.

"யாரும் தட்டல்ல அப்பா" என்றாய்.

டீச்சருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

தனியாக வரத் தெரிந்த பிறகு பார்க்கலாம் என்று ஹோட்டலில் சொல்லிவிட்டார்கள். வேறொரு பையன் அந்த இடத்துக்குப் போனான். டீச்சர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தான் அவசரப்பட்டுவிட்டதாகவும், எல்லாம் தன் தவறு என்றும் சொல்லிக் கண் கலங்கினார். நான் பக்கத்தில் நின்றேன். ஒரு வாக்கியம் போதும்... ஒரே வாக்கியம்! சொல்லியிருந்தால் அவரே ஹோட்டலில் பேசியிருப்பார். நீ இரண்டு வருஷம் என் கடையில் கிளாஸ் கழுவினாய். "அக்கா ஸ்டாப்ப விட்டவ" என்று மணி கேலி செய்வான். நீயும் ஆமாம் என்று தலையாட்டுவாய். நான் டீ ஆற்றுவேன்.

டீச்சர் விடவில்லை. உன்னை மறுபடி அழைத்துப் போனார். கூட வரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், நீங்க கடையப் பாருங்க" என்றாய். எவ்வளவு சரி! இன்று அதே ஹோட்டலில் நீ பழகுகிறவள் இல்லை, நிரந்தர வேலையில் இருப்பவள். நீ மடிக்கும் விரிப்பின் ஓரம் அரைவிரல்கூட விலகாது என்று உன் சூப்பர்வைசரே கடையில் வந்து சொன்னார். நீ எங்கும் போவாய், எதையும் கற்பாய். இதை நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

அப்படியானால் இப்போது ஏன் எழுதுகிறேன்?

போன வாரம் சசி கடைக்கு வந்தார். நீ நலமா என்று கேட்டவர், போகிறபோக்கில் ஒன்று சொன்னார். பரீட்சை நாளன்று அவர் தட்டுவதற்கு முன்பே நீ எழுந்துவிட்டாயாம். வாக்குக் கொடுத்ததற்காகச் சும்மா தட்டினாராம்.

முன்பே எழுந்துவிட்டாய்!

உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் "சரி அப்பா" என்பாய். எல்லாவற்றுக்கும் நீ அப்படித்தான் சொல்வாய். டீச்சரிடம் இனிமேல்தான் போக வேண்டும். என்ன முகத்தோடு...?

சசி வந்துபோன மறுநாள் மத்தியானம் கடையை அம்மாவிடம் விட்டுவிட்டு, நீ வேலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன். பின்சீட்டில், டீச்சர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தேன். டீச்சரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே இருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது பட்டம் தாண்டி, கேசவதாசபுரம் வந்திருந்தது. இறங்கி, வெயிலில் பட்டத்துக்குத் திரும்பி நடந்தேன். மதிலைக் கையால் தொட்டுக்கொண்டே அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை போனேன்.

நீளமான மதில்தான். யார் கண்ணிலும் படாமல் போகாது.