பங்களாவைச் சுற்றிப் போட்ட விளக்குகள்

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி யாராவது கேட்டால் மரவள்ளிக்கிழங்கு தின்றதைச் சொல்வேன், சாக்குத் துணி உடுத்தியதைச் சொல்வேன். எல்லோரும் சொல்வதுதான். துரை பங்களாவைச் சுற்றி விளக்குப் போட்ட கதையை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதில் நான் நல்லவனாக வரமாட்டேன்.

மலாயாவில், ஜொகூர் உலு திராம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் வயர்மேன். ரப்பர் ஷீட் அடிக்கும் ஸ்டோரை ஒட்டி இஞ்சின் கொட்டகை இருந்தது. அங்கிருந்து ஸ்டோருக்கும் ஆஸ்பத்திரிக்கும் கணக்கெழுதும் கிராணிமார் வீடுகளுக்கும் பங்களாவுக்கும் கரண்டு போகும். எட்டு வருஷம் அதையெல்லாம் நான் ஒருவனாகவே பார்த்துக்கொண்டேன். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு பங்களாவில் ஒரு ஜப்பான் அதிகாரி வந்து உட்கார்ந்தார். பழக்க தோஷத்தில் அவரையும் துரை என்றே கூப்பிட்டோம். துரை மாறினாலும் ஃபியூஸ் போடுகிறவன் மாறவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அந்த நேரத்தில்தான் அவன் வந்து சேர்ந்தான். ஜொகூர் பாரு டவுனில் வளர்ந்தவன், வேதக்காரக் குடும்பம். சிங்கப்பூரில் வயரிங் வேலை செய்துகொண்டிருந்தவன். குண்டு விழுந்ததில் வேலையும் போய், வீடும் போய், தெப்ராவ் வழியாக நடந்தே எங்கள் தோட்டத்துக்கு வந்துவிட்டான். என்னைவிட ஆறு வயது இளையவன். பெரிய கிராணி அவனை என்னிடம் அனுப்பி, கூட வைத்துக்கொள் என்றார். அவன் என்னை அண்ணே என்றான். முதல் வாரம் அது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாவது வாரம் அவன் ஒரு வயர் இணைப்புப் போடுவதைப் பார்த்தேன். ஒட்டுகிற டேப் எங்கும் கிடைக்காத காலம். நான் இருந்த பழைய டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன், மழை வந்தால் பாதி இணைப்பு செத்துப்போகும். அவன் பழைய வேட்டித் துணியை விரல் அகலத்துக்குக் கிழித்து, ரப்பர் பாலில் நனைத்து, வயரில் சுற்றி, காய்ந்ததும் மறுபடி சுற்றி, நாலு சுற்று முடித்து, ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்தில் ஒரு நாள் தொங்கவிட்டான். வாளித் தண்ணீரில் முக்கிக் காட்டினான். உள்ளே ஒரு சொட்டு போகவில்லை. எட்டு வருஷமாக ரப்பர் பாலுக்கு நடுவிலேயே கிடந்தவன் நான். எனக்கு அது தோன்றவில்லை. இதெல்லாம் முறையான வேலை இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றேன்.

ஜப்பான் துரைக்கு ஒரு நாள் ஆசை வந்தது. பங்களாவைச் சுற்றியிருந்த மரம் செடிகளுக்கு விளக்குப் போட வேண்டும் என்றார். ஒரு குச்சியை எடுத்து மண்ணில் மரம் போல ஒன்றை வரைந்து, அதன் காலடியில் ஒரு புள்ளி வைத்தார். நான் தலையை ஆட்டிவிட்டு நாலு கம்பம் நட்டேன். உச்சியில் பல்பு, அதற்கு மேல் வெள்ளைத் தட்டு. ஆஸ்பத்திரி வாசலில் போட்டிருந்தது போலவே. பொழுது சாயும் நேரத்தில் இஞ்சினை ஓட்டினோம். துரை வெளியே வந்து கம்பங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பி உள்ளே போய்விட்டார்.

மறுநாள் அவன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். தான் ஒன்று செய்து பார்க்கலாமா என்று கேட்டான். கவிழட்டும் என்று நினைத்துத்தான் சரி என்றேன்.

மண்ணெண்ணெய்த் தகரங்களைச் சாய்வாக வெட்டினான். உள்ளே பல்பு வைத்து, கல்லுக்குப் பின்னாலும் கல்வாழைப் புதருக்குள்ளும் தரையோடு தரையாகப் படுக்க வைத்தான். பல்பு யார் கண்ணிலும் படாது. வயரெல்லாம் பழைய தண்ணீர்க் குழாய்க்குள் நுழைத்து மண்ணுக்கு அடியில் ஓடியது. மொத்தம் பன்னிரண்டு விளக்கு. அன்று சாயங்காலம் கரண்டு கொடுத்ததும் விசிறிவாழை கீழிருந்து மேலே ஒவ்வொரு மட்டையாக எழுந்து நின்றது. எட்டு வருஷமாக நான் தினமும் தாண்டிப் போன மரம், அதற்கு இத்தனை மட்டை இருக்கிறது என்று அன்றுதான் எண்ணிப் பார்த்தேன். துரை வெகுநேரம் நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்து, பாதிக்கு மேல் இருந்ததை அப்படியே அவன் கையில் வைத்தார்.

தொழிலாளர் லயத்து ஆட்கள் வேலி ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். என் மனைவியும் அங்கே நின்றாள்.

"என்னங்க, அந்தத் தம்பி கைய வச்சா மரங்கூட சிரிக்குது பாருங்க," என்றாள்.

அவள் கள்ளமில்லாமல்தான் சொன்னாள். எங்கள் மூத்தவள் பிறந்ததே நான் வயர் இழுத்த ஆஸ்பத்திரி பல்பின் கீழேதான். அந்த வெளிச்சத்தைப் பற்றி இவள் ஒரு வார்த்தை சொன்னதுண்டா? அன்றைக்குச் சோறு என்ற பெயரில் இருந்த கிழங்கை நான் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டாள். பசியில்லை என்றேன். அதற்குப் பிறகு அவன் விசில் அடிப்பது, தலை வாருவது, ஞாயிற்றுக்கிழமை சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு ஜெபம் செய்ய உட்காருவது, எதைப் பார்த்தாலும் எனக்கு ஆகவில்லை.

சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கிற காலம் அது. ஒவ்வொரு தோட்டமும் இத்தனை தலை என்று கொடுக்க வேண்டும். போனவர்களைப் பற்றிக் காதில் விழுந்ததெல்லாம் நல்லதாக இல்லை. பெரிய கிராணி என்னைக் கூப்பிட்டு, இஞ்சினுக்கு ஒரு ஆள் போதும் என்று உத்தரவு வந்திருக்கிறது, இரண்டு வயர்மேனில் எவனை வைத்துக்கொள்வது என்று துரைதான் சொல்வார் என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பேப்பரைப் புரட்டினார். துரை யாரைச் சொல்வார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த வாரம் சனிக்கிழமை துரைக்கு விருந்தாளிகள் வருவதாக இருந்தது. பெரிய அதிகாரிகள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்குகளைப் பார்க்கத் துரை வந்தார். டீசல் கிடைக்காமல் செம்பனை எண்ணெய் ஊற்றி ஓட்டுகிற இஞ்சின், அன்று ஒழுங்காக இழுக்கவில்லை. பல்பெல்லாம் சிவந்து கிடந்தது. துரை சுற்றிப் பார்த்து, கையை வீசி, "குராய், குராய்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"குறைன்றாரு அண்ணே," என்றான் அவன். "வெளிச்சம் ஜாஸ்தியா இருக்காம்."

எனக்கும் அப்படித்தான் கேட்டது. இதில் சந்தேகப்பட எதுவும் இல்லை. துரை அதற்குள் எங்கள் வாயிலிருந்து வா, போ, தண்ணி எல்லாம் பிடித்துவைத்திருந்தார். தமிழில் இன்னும் ஒரு சொல் கற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்தோம். இந்த அழுமூஞ்சி வெளிச்சத்தை இன்னும் எப்படிக் குறைப்பது என்று அவன் இராத்திரி முழுவதும் யோசித்திருப்பான் போல. காலையில் மூன்று பல்பைக் கழற்றிவிட்டு, மீதிக்கு மெல்லிய காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தான்.

மத்தியானம் பங்களா சமையல்கட்டில் ஃபியூஸ் போய்விட்டது என்று என்னைக் கூப்பிட்டார்கள். சமையல்காரர் ஒரு சீனர். எங்களுக்குள் மலாய்தான். நேற்று விளக்கு மங்கலாக இருந்ததில் துரைக்குச் சரியான கோபம் என்றார். நான் புரியாமல், குறைக்கத்தானே சொன்னார் என்று கேட்டேன். அவர் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"குராய் இத்து கெலாப் லா," என்றார். கெலாப் என்றால் மலாயில் இருட்டு. துரை சொன்னது ஜப்பான் வார்த்தை.

சமையல்கட்டு வாசலிலிருந்து கல்வாழைப் புதருக்கு முப்பது அடி இருக்கும். அவன் அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். சொல்லத்தான் போனேன் என்று எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணே, இன்னும் ரெண்டு எடுத்துட்டா சரியா வருமா?"

"எடு," என்றேன்.

சயாமுக்குப் பயந்து அப்படிச் சொன்னேன் என்றால் கேட்பவர்கள் மன்னித்துவிடுவார்கள். எனக்கு இரண்டு பெண் குழந்தைகள் இருந்தார்கள். ஆனால் உண்மை அதுவல்ல. அந்த நிமிஷத்தில் சயாம் என் நினைப்பிலேயே இல்லை. மரம்கூடச் சிரிக்கிறது என்று என் மனைவி சொன்னாளே, அதுதான் இருந்தது. இன்று சாயங்காலம் அது சிரிக்காது என்று நினைத்தேன். வேலி ஓரத்தில் அவளும் நின்று பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

விருந்தாளிகள் காரில் வந்து இறங்கினார்கள். கரண்டு கொடுத்தோம். ஏழு விளக்கு, அதுவும் காகிதத்துக்குள். விசிறிவாழை இருக்கிற இடமே தெரியவில்லை. துரை முகம் சுருங்கி "குராய்" என்றார். அவன் ஓடிப்போய் ஒரு பல்பைக் கழற்றினான். துரை கத்தினார். அவன் இன்னொன்றைக் கழற்றினான். எல்லோர் முன்னாலும் தன்னைக் கேலி செய்கிறான் என்றுதான் அவருக்குப் பட்டிருக்கும். இறங்கி வந்து கன்னத்தில் அறைந்தார். கையில் சுடுகிற பல்போடு அவன் அடுத்த அறையையும் வாங்கிக்கொண்டு, என்ன தப்புச் செய்தோம் என்று என் பக்கம் திரும்பிப் பார்த்தான். நான் இஞ்சினைப் பார்க்கப் போவது போல நகர்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் கிராணி சயாமுக்குப் போகிறவர்கள் பெயரைப் படித்தார். அவன் பெயர் இருந்தது.

லாரி ஸ்டோர் வாசலில் நின்றது. ஏறுவதற்கு முன் அவன் என்னைத் தேடி வந்தான். உதடு இன்னும் வீங்கியிருந்தது.

"அண்ணே, குராய்னா இருட்டாம். கிராணி இன்னிக்கித்தான் சொன்னாரு. ரெண்டு பேருக்கும் தெரியாமப் போச்சு, பாத்தீங்களா. நல்லவேளை, அடி எனக்கு விழுந்துச்சு. உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கு."

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். என் மனைவி ஒரு துணியில் வேகவைத்த கிழங்கு கட்டி அவனிடம் கொடுத்தாள். கொடுக்கும்போது அழுதாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், லாரி நகருகிற அந்த நேரத்திலும் அவள் அழுகையைப் பார்த்து எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

கழற்றிய பல்புகளை நான் மறுபடி மாட்டினேன். அவன் வைத்த தகரத்தை ஒரு விரல் அளவுகூட நகர்த்தவில்லை. நகர்த்தினால் கெட்டுப்போகும் என்று எனக்குத் தெரியும். காகிதத்தைக் கிழித்துப்போட்டேன், இஞ்சினைச் சரிபார்த்து ஓட்டினேன். துரை வந்து பார்த்துத் தலையசைத்து எனக்கும் சிகரெட் கொடுத்தார். கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பிடித்தேன். கசந்தது என்று சொன்னால் பொய்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஐந்தாறு பேர்தான் திரும்பினார்கள். அவர்களில் ஒருவர், ஏதோ ஒரு முகாமில் அவன் காய்ச்சலில் கிடந்ததைப் பார்த்தாராம். அதற்கு மேல் தெரியாது என்றார். நானும் மேலே கேட்கவில்லை.

மறுபடி ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். பங்களாவைச் சுற்றிப் புல் வெட்டும்போது துருப்பிடித்த தகரங்கள் கிடைத்தன. துரை குழாயைத் தோண்டி எடுக்கச் சொன்னார். உள்ளே இருந்த வயர் இணைப்பு ஒன்றைக் கத்தியால் கீறிப் பார்த்தார். இத்தனை மழைக்குப் பிறகும் செம்பு பளபளவென்று இருந்தது. அவர் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தோட்டத்துத் தமிழில், யார் செய்தது இது, நீயா என்று கேட்டார்.

"ஆமாங்க துரை, நான்தான்," என்றேன்.

பூச்செடிக்குக் களை பிடுங்கிக்கொண்டிருந்த என் மனைவி கையை நிறுத்தினாள். நல்ல வேலை, கூட யார் இருந்தது என்று துரை கேட்டார். அவள் நிமிர்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் இல்லைங்க துரை," என்றேன்.