மீசையில்லாத நெல்

அந்த மலைப்பக்கத்தில் பிள்ளை பிறக்கும் வீட்டுக்கு வரும் மருத்துவச்சி, பிள்ளை வெளியே வந்ததும் வாசலில் நிற்கும் வீட்டுக்காரனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்: "பயிரா, களையா?" பயிர் என்றால் தொப்புள்கொடியை வெட்டிப் பிள்ளையைத் துணியில் சுற்றுவாள். களை என்றால், பக்கத்திலேயே தொட்டியில் தண்ணீர் நிரம்பி இருக்கும். இதை யாரும் பாவம் என்று சொல்லிக்கொள்வதில்லை. நெருக்கமாக முளைத்ததைப் பறித்துப் போடுவதில்லையா, அப்படித்தான் என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் பத்து மாதம் சுமந்தவர்கள் இல்லை.

வூநியாங் நாலாவது முறை கருவுற்றபோது அவளுக்கு இருபத்தாறு வயது. ஏற்கெனவே இரண்டு ஆண், ஒரு பெண். மலைச்சரிவில் படிபடியாக வெட்டிய ஏழு வயல்தான் வீட்டுக்கு இருந்தது; அத்தனையும் சேர்ந்து ஐந்து வயிற்றைத்தான் தாங்கும். அதிலும் அந்த ஊர் நெல் ஒன்பதாம் மாதம்தான் அறுப்புக்கு வரும். நாலாம் மாதத்திலிருந்து சேப்பங்கிழங்குக் கஞ்சிதான். பிள்ளை ஆறாம் மாதக் கடைசியில் பிறக்கும் என்று தெரிந்ததுமே அவள் நாள் எண்ணத் தொடங்கினாள்.

புத்தாண்டுக்குக் கடற்கரையில் இருந்த தாய்வீட்டுக்குப் போனவள், அண்ணனிடம் ஒரு சிறு பை விதைநெல் வாங்கி வந்தாள். தெற்குக் கடலுக்கு அப்பாலிருந்து வந்த நெல். நூறு நாளில் விளையும், மேட்டு வயலிலும் கொஞ்சத் தண்ணீரில் பிழைத்துக்கொள்ளும் என்றான் அண்ணன். அவள் புருஷன் டெங் பாவ் ஒரு பிடி அள்ளி, நுனியில் கூர்முடி இல்லாத மணிகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்னடி இது, நெல்லுக்கு மீசையே காணோம்! உங்க அண்ணன் மூஞ்சி மாதிரியே இருக்கு."

"மீசையிலயா சோறு வேகுது? மேல இருக்கிற ரெண்டு வயல மட்டும் குடுங்க. நானே பாத்துக்கிறேன்."

"சரி. புள்ள பொறக்கறதுக்குள்ள இது சோறாகி என் கிண்ணத்துக்கு வந்துட்டா, பயிருன்னு சொல்றேன். வரலைன்னா என்னைக் குத்தம் சொல்லாத."

அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். பயந்தவனிடம் கெஞ்சிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஐந்தாம் மாதம் மழை பொய்த்தது. ஓடைத் தண்ணீரை மேல்வயலுக்குத் தூக்க, பலகைச் சங்கிலி ஓடும் மிதி ஏற்றத்தில் ஏறி நின்று, குறுக்குக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிறைவயிற்றோடு மிதித்தாள். குறைப்பிரசவம் ஆகிவிடும் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் பயமுறுத்தினார்கள். அவளுக்கும் அதே பயம்தான். மிதித்தால் பிள்ளை முந்திக்கொள்ளும், மிதிக்காவிட்டால் நெல் பிந்திப்போகும். "கொஞ்சம் பொறுடி கண்ணு, இப்ப வந்துடாத" என்று வயிற்றோடு பேசிக்கொண்டே மிதித்தாள்.

ஆறாம் மாதம் பாதி போனபின் கதிர் தலை சாய்ந்தது. ஆனால் இலை பச்சையாகவே நின்றது. இலை மஞ்சளித்துத் தாள் காய்ந்த பிறகுதான் அந்த ஊரில் அரிவாள் வைப்பார்கள். அவர்கள் அறிந்த நெல் அப்படித்தான் விளையும்.

"பச்சைப் பயிர அறுத்தா மண்ணுச்சாமிக்குக் கோவம் வரும். இன்னும் பத்து நாள் போகட்டும்" என்றான் பாவ். அவளுக்கு ஏது பத்து நாள்?

இருபத்துமூன்றாம் தேதி காலை இடுப்பில் முதல் வலி வெட்டியது. மருத்துவச்சி பெங் அத்தையைக் கூப்பிடப் பாவ் ஓடினான். அவன் தலை மறைந்ததும் அவள் மேல்வயலுக்கு ஏறினாள். குருவிக் கூட்டம் குபீரென்று கிளம்பியது. கதிரை ஒதுக்கிய கை பட்டதுமே நெல் பொலபொலவென்று சேற்றில் உதிர்ந்தது. அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. இந்த நெல்லுக்கு இலை மஞ்சளிக்கும் வரை காத்திருக்கும் பழக்கம் இல்லை; விளைந்து நாலு நாளாகிறது. இவர்கள் இலவு காத்த கிளியாக நின்றிருக்க, பிள்ளையின் உயிர் சேற்றில் கொட்டிக்கொண்டிருந்தது.

வலி வந்தபோது குந்தினாள், விட்டபோது அறுத்தாள். மடி நிறையக் கதிரோடு இறங்கி வந்து, வாணலியில் வறுத்து, உரலில் குத்தி, உலையில் போட்டாள். அரிசி கொதிக்கத் தொடங்கியபோது பனிக்குடம் உடைந்தது.

"அடிப்பாவி, அடுப்படியிலயா பெறப்போற?" என்று கத்திக்கொண்டே பெங் அத்தை உள்ளே வந்தாள்.

"அத்தை, சோறு வேகட்டும். அதுவரைக்கும் புள்ளையப் புடிச்சு வைங்க."

"உலைய வேணா நிறுத்தலாம். புள்ளைய நிறுத்த முடியுமாடி?"

பிள்ளை நிற்கவில்லை. பெண். வீறிட்டு அழுதது. பானையில் அரிசி பாதிதான் வெந்திருந்தது. பாவ் வாசலில் முதுகைக் காட்டி நின்றான்.

பெங் அத்தை அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நாற்பது வருடமாகக் கேட்டுக் கேட்டு அவளுக்கே வெறுத்துப்போயிருக்க வேண்டும். அகப்பையால் அள்ளிக் கிண்ணத்தில் போட்டு, இரத்தக் கையோடு அவன் முன்னால் நீட்டினாள்.

"மொதல்ல தின்னு. அப்புறம் கேக்குறேன்."

அவன் மென்றான். வேகாத அரிசி பல்லில் நறநறத்தது. வூநியாங் அவன் தாடையையே பார்த்தாள். இன்னொரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டான்.

"மேல இன்னும் எவ்வளவு இருக்கு?"

"உதுந்தது போக, ரெண்டு வயலும் முழுசா இருக்குங்க."

"அப்ப பயிருதான்" என்றான். அரிவாளை எடுத்துக்கொண்டு மேலே ஓடினான்.

பெண்ணுக்கு லியாங் என்று பெயர் வைத்தார்கள். தானியம் என்று பொருள். அடுத்த வருடம் ஊரே அந்த நெல்லை விதைத்தது. அறுத்த வயலில் உடனே மறுபயிர் வைத்தார்கள். மூன்று பிள்ளையோடு நிறுத்திய வீடுகள் நாலு வைத்தன, ஐந்து வைத்தன. மலையுச்சி வரை படிவயல் வெட்டினார்கள். பிறகு வெட்ட மலை இல்லை. வூநியாங்குக்கு ஐந்தாவதும் தங்கியது. ஆறாவது வயிற்றில் வந்த வருடம், ஐந்து பிள்ளைகளும் கிண்ணத்தை வழித்து நக்கிக்கொண்டிருந்தார்கள். பாவ் அவள் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். பயிரா, களையா என்று அவனைக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

வலி எடுத்த அன்று, தொட்டியை நிரப்ப லியாங்கைத்தான் பாவ் ஓடைக்கு அனுப்பினான். அவளுக்குப் பத்து வயது. எதற்கென்று தெரியாமல் மூன்று நடை ஓடி ஓடிச் சுமந்து வந்து ஊற்றிவிட்டு, "போதுமாப்பா?" என்று கேட்டாள்.