பறவைக்கு நான் சேர்த்த பதின்மூன்று

காத்ர் போர்ன் என்ற தீவு நகரத்தில் எங்கள் நிறுவனத்தின் கணினிப் பிரிவு என்றால் நான் ஒருவன்தான். தலைவர், எழுத்தர், திரையைத் துடைத்து வைப்பவர் எல்லாம் நானே. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தமிழ்நாட்டிலிருந்து இரண்டு வருட வேலை அனுமதியோடு வந்து இறங்கியிருந்தேன். தீவு முழுக்க ஐரோப்பியக் குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த காலம் அது. வெயில் ஊரில் இத்தனை ஸ்வெட்டரா என்று வந்த புதிதில் சிரித்தேன். அங்கே குளிர்காலமான ஜூலை மாதத்து மழைச் சாரலில் ஒரு வாரம் நடுங்கிய பிறகு சிரிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

அலுவலகத்தில் ஒரு யூனிக்ஸ் இயந்திரம் இருந்தது. ஸ்வெட்டரின் மேல் வரும் படங்களை அதில்தான் வரைவோம். அதே தீவின் தெற்கே, சுரினாம் என்ற ஊரில் இருந்த எங்கள் தொழிற்சாலையில் டாஸ் கணினி. இரண்டுக்கும் நடுவில் ஒரு தொலைபேசிக் கம்பி, இரு முனையிலும் கீச்சிடும் மோடம். தினமும் இங்கிருந்து அங்கே இரண்டு வகைக் கோப்புகள் போகும். ஒன்று ஆர்டர் தாள்: என்ன நூல், என்ன அளவு, எத்தனை துண்டு என்று மனிதர் படிக்கிற எழுத்து. மற்றது படம்: எந்த வரிசையில் எந்த நிறம் எத்தனை கண்ணி என்று பின்னல் இயந்திரம் மட்டும் படிக்கிற எண்கள்.

படம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. தாள்தான் மானத்தை வாங்கியது. அங்கே அச்சடித்தால் ஒவ்வொரு வரியும் முந்தைய வரி முடிந்த இடத்துக்குக் கீழே தொடங்கும். நாலாவது வரி தாளைவிட்டே வெளியே போய்விடும். தொழிற்சாலையின் பின்னல் மேஸ்திரி காலையில் முதல் வேலையாக எனக்குப் போன் செய்வார். "மிஸ்யே, உங்க தாள் இன்னைக்கும் படியிறங்கிப் போயிடுச்சு" என்பார், தீவின் பேச்சுமொழியான க்ரியோலில். மிஸ்யே என்றால் ஐயா. பின்னால் நாலு பேர் சிரிப்பது கேட்கும்.

காரணம் சின்னது. ஒரு வரி முடிந்தது என்று சொல்ல யூனிக்ஸ் ஒரே ஒரு எண்ணை வைக்கும், பத்து. டாஸுக்கு அது போதாது. அதற்கு முன்னால் ஒரு பதின்மூன்றும் இருந்தால்தான் அச்சு தாளின் இடது ஓரத்துக்குத் திரும்பி வரும். அனுப்பும் மென்பொருளில் இதற்கென்றே 'எழுத்து முறை' என்று ஒன்று உண்டு. அதில் அனுப்பினால் போகிற வழியிலேயே பத்து கண்ட இடமெல்லாம் ஒரு பதின்மூன்றைச் சேர்த்துக்கொண்டு போகும். அதுவரை நாங்கள் 'பைனரி முறை'யில், உள்ளதை உள்ளபடி அனுப்பிக்கொண்டிருந்தோம்.

நான் ஒரே ஒரு கட்டளை எழுதினேன். ஒரு விசையைத் தட்டினால் அன்றைய கோப்பு அத்தனையும் எழுத்து முறையில் போய்விடும். மறுநாள் தாள் கோடு போட்டதுபோல் நேராக வந்தது. மேஸ்திரி நன்றி சொல்லிப் போன் செய்தார். நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் திருத்திவிடுவது என் சுபாவத்துக்கு மிகவும் பொருந்திய வேலை. ஞாயிறுதோறும் கோயிலில் தமிழ் வகுப்பு எடுப்பவன் நான். அங்கே யார் என்ன பாடினாலும், பாட்டு முடியும்வரைகூடப் பொறுக்காமல் லகரத்தைத் திருத்துவேன். யாரும் கேட்டதில்லை. அதற்காக நான் விட்டதுமில்லை.

என் பக்கத்து மேசையில் படம் வரைந்தவர் சுரினாம்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வீட்டில் பேசுவது க்ரியோல். தமிழென்றால் அவருக்கு முருகன் பாட்டும் உறவுமுறைச் சொற்களும்தான். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை மிஸ்யே என்பார். பல வருடம் தொழிற்சாலையில் ரெமாயாஜ் செய்தவர். பின்னிய துண்டுகளைக் கண்ணிக்குக் கண்ணி கோத்து இணைக்கிற வேலை அது. கண்ணைத் தின்றுவிடும். அங்கே பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் அவர் வரைந்து வைத்திருந்த படங்களை டைரக்டர் தற்செயலாகப் பார்த்து, ஆறு மாதம் பார்ப்போம் என்று திரைக்கு முன்னால் உட்கார வைத்திருந்தார். ஆறாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. பிரெஞ்சு வாடிக்கையாளர் ஒருவர் கேட்டிருந்த குழந்தைகள் ஸ்வெட்டருக்கு அக்கா ஒரு வெள்ளைக் கடல்பறவை வரைந்தார். நீல வானம், கீழே இரண்டு அலை, பறவைக்கு நூல்போல நீண்ட இரட்டை வால். இந்தப் படம் தேறினால் அந்த நாற்காலி அவருக்கு நிரந்தரம்.

திங்கட்கிழமை சுரினாமிலிருந்து முதல் மாதிரி வந்தது. வால் பறவையின் கழுத்திலிருந்து கிளம்பியது. ஒரு சிறகு அக்குளுக்குள் போயிருந்தது. அலைகள் தோள்பட்டையில் அடித்துக்கொண்டிருந்தன. அலுவலகமே வந்து பார்த்துவிட்டுப் போனது. புயலில் மாட்டிய பறவை என்றார் கணக்காளர். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "என் திரையில சரியா இருக்கே" என்றார். திரையில் சரியாகத்தான் இருந்தது.

மறுபடி அனுப்பினோம். மறுபடி கழுத்தில் வால். டைரக்டர் என்னைக் கேட்டார். "அனுப்பியதில் ஒரு பிழைகூட இல்லை, மென்பொருளே சொல்கிறது" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. மேஸ்திரி தன் இயந்திரத்தில் பிழையில்லை என்றார், முன்பே வந்திருந்த பழைய படங்கள் ஒழுங்காகப் பின்னி வருகின்றனவாம். மிச்சம் இருந்தது ஒரே ஒருவர். ரெமாயாஜிலிருந்து வந்தவருக்குக் கணினி எப்படிப் பிடிபடும் என்று டைரக்டர் பிரெஞ்சில், மெதுவாக, அவர் காதுபடச் சொன்னார்.

வியாழக்கிழமை, இயந்திரத்தை எதற்கும் ஒருமுறை பார்த்து வா என்று என்னைச் சுரினாமுக்கு அனுப்பினார்கள். குரேப்பிப்பில் பஸ் மாறி, கரும்புக்கு நடுவே இறங்கிப் போனேன். டாஸ் கணினியில் பறவையின் கோப்பைத் திறந்து எண்களை வரிசையாகப் படித்தேன். பத்துக் கண்ணி வெள்ளை என்று அக்கா வைத்திருந்த ஒவ்வொரு இடத்திலும், பத்துக்கு முன்னால் ஒரு பதின்மூன்று உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் இருந்தவை எல்லாம் தள்ளித் தள்ளிப் போயிருந்தன. பத்து என்றால் வரி முடிவு என்று நினைத்துக்கொண்டு, என் கட்டளை பறவையையும் ஆர்டர் தாளாகப் பாவித்துத் திருத்தியிருக்கிறது. அக்காவின் கையில் பிழையில்லை. வாலைப் பிடுங்கிக் கழுத்தில் நட்டது நான்.

மேஸ்திரி என்ன ஆச்சு என்றார். "பா கொனே" என்றேன். தெரியாது என்பதற்கு நான் கற்ற முதல் க்ரியோல் சொல் அது. அன்றைக்கு மிகவும் உதவியது.

அப்போது என் வேலை அனுமதியைப் புதுப்பிக்கும் படிவம் டைரக்டர் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. அதனால் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். வெள்ளிக்கிழமை காலை யாருக்கும் சொல்லாமல் படத்தை மட்டும் பைனரி முறையில் அனுப்பினேன். மாலையில் வண்டியில் மாதிரி வந்து சேர்ந்தது. வால் வாலாக இருந்தது, அலை கீழே இருந்தது. அழகான பறவை. பிரச்சினை தீர்ந்தது, யாருக்கும் சேதமில்லை என்று நான் பெருமூச்சுவிட்டு முடிப்பதற்குள் டைரக்டர் சொன்னார்: "பார்த்தாயா, கவனமாகச் செய்தால் அவருக்கும் சரியாக வருகிறது. மூன்றாவது தடவையில். வாடிக்கையாளர் மூன்று தடவை காத்திருக்க மாட்டார்." அடுத்த வாரம் முதல் அக்கா பழையபடி ரெமாயாஜுக்கு. திங்கட்கிழமை சொல்லிவிடுவதாகச் சொன்னார். ஆனால் அலுவலகச் சுவர்கள் மெல்லியவை. அக்கா அன்றே தன் பென்சில்களை டப்பாவில் போட்டு மூடிவிட்டார்.

நான் டைரக்டர் அறையைத் தாண்டி வீட்டுக்குப் போனேன். படிவம் இன்னும் மேசையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அன்னதானம். வாழையிலையில் ஏழு கறி. பரிமாறியவர்களில் அக்காவும் ஒருவர். என் இலைக்கு வந்தபோது பலாக்காய்க் கறியை இரண்டு கரண்டி வைத்து, "சாப்பிடுங்க மிஸ்யே, மெலிஞ்சு போயிட்டீங்க" என்றார் க்ரியோலில். பிறகு தமிழில், நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை எழுத்தெழுத்தாக உச்சரித்து, "இன்னும் வேண்டுமா?" என்றார். ஒரு பிழை இல்லை. அன்றைக்கு வகுப்பில் யாரையும் திருத்தவில்லை. மாணவர்கள் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தார்கள்.

திங்கள் காலை, டைரக்டர் காப்பிக் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் அறைக்குள் போய்விட்டேன். யோசிக்க நேரம் விட்டால் திரும்பிவிடுவேன் என்று எனக்கே தெரியும். பத்து, பதின்மூன்று, தாள், பறவை எல்லாவற்றையும் என் ஓட்டைப் பிரெஞ்சில் கொட்டினேன். அவர் முழுவதும் கேட்டார். "ஆக, மூன்று தடவையும் அவர் ஒரே படத்தைத்தான் கொடுத்தார்?" என்றார். ஆமாம் என்றேன். "நீ அதைத் திருத்தினாய்?" அதற்கும் ஆமாம் என்றேன். எந்தக் கோப்பு எழுத்து, எந்தக் கோப்பு படம் என்று பிரித்து அனுப்ப ஒரு கட்டளை எழுத எத்தனை நாள் ஆகும் என்றார். ஒரு மணி நேரம் என்றேன். அவர் முகம் சுளித்தார். ஆனால் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார், என் முகத்தைப் பார்க்காமல். அக்காவின் நாற்காலி அக்காவுக்கே என்று கணக்காளரைக் கூப்பிட்டுச் சொன்னார். அதை நான் கேட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

அக்கா தன் மேசையில் இருந்தார். நடந்ததை நின்றுகொண்டே சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன், மூன்று மொழியில். அவர் டப்பாவைத் திறந்து பென்சில்களை எடுத்து வரிசையாக வைத்தார்.

"கோரெக்" என்றார். சரி என்று அர்த்தம். பிறகு, "எனக்கு வியாழக்கிழமையே தெரியும்" என்றார்.

"எப்படி?" என்றேன்.

"நீங்க பஸ் ஏறினதும் மேஸ்திரிக்குப் போன் பண்ணி, அங்க என் கோப்பு எவ்வளவு பெருசுன்னு கேட்டேன். இங்க இருக்கிறதைவிட முப்பத்தேழு எண் அதிகம். நான் வீட்டுல கொடுத்து அனுப்பின பிள்ளை, போற வழியில குண்டாகுமா? வழியில யாரோ ஊட்டியிருக்காங்க. வழின்னா நீங்கதானே."

"டைரக்டர்கிட்ட ஏன் சொல்லலை அக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். பாடம் புரியாத மாணவனை நான் பார்க்கிற அதே பார்வை.

"உங்க பேப்பர் அவர் மேசையில கிடந்துச்சு. என்னை அனுப்பினா சுரினாமுக்கு அனுப்புவாங்க, வீட்டுக்குப் பக்கம். உங்களை அனுப்பினா பிளேன்ல ஏத்திடுவாங்க."

அவ்வளவுதான் சொன்னார். திரையைப் போட்டு அடுத்த படத்துக்குக் கோடு போடத் தொடங்கிவிட்டார். எனக்கு அன்று வந்த வெட்கம்போல் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. அந்த அலுவலகத்தில் இன்னும் ஆறு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை செய்தோம். வியாழனிலிருந்து திங்கள்வரை நான் எதற்காகக் காத்திருந்தேன் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.