தலையெழுத்தும் கறுப்பு டேப்பும்

நடக்காத விபத்துக்கு யாரும் நன்றி சொல்லமாட்டார்கள் என்பதுதான் பாதுகாப்பு அதிகாரி வேலையின் முதல் பாடம். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் நான் அந்த வேலையைத்தான் பார்க்கிறேன். வீட்டில் ஒருவரையாவது ஹெல்மெட் போடச் சொல்லித் தோற்றவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

எழுதியிருந்தால் போகும்

தோல் வெட்டும் பழைய மெஷினில் இரண்டு பொத்தான்கள். இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மேல்பாகம் இறங்கும். இரண்டு கையும் வெளியே இருப்பதால் விரலுக்கு ஆபத்தில்லை. எங்கள் தேவராஜ் அண்ணன் ஒரு பொத்தானை அமுங்கியபடியே இருக்கக் கறுப்பு டேப்பால் இறுக்கி ஒட்டிவிடுவார். ஒரு கை காலி, வேலை வேகம்.

அவருக்கு இருபது வருஷ சர்வீஸ். என்னிடம் இருந்ததோ ஒரு போஸ்டர். நான் பேசி முடிக்கும்வரை சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: "விரல் போவணும்னு எழுதியிருந்தா, வீட்ல தேங்கா உடைக்கும்போதே போய்டும் மேடம்!"

ஒட்டியது யார்?

சூப்பர்வைசர் கோபியிடம் போனேன். சாமி, ஜாதகம் எதையும் நம்பாத மனிதர். நமக்கு ஒரு ஆள் கிடைத்தார் என்று சந்தோஷப்பட்டேன். அவரோ அதைவிடப் பெரிய விதியைக் காட்டினார். ஆர்டர், மேனேஜரைத் தள்ளுகிறதாம், மேனேஜர் இவரைத் தள்ளுகிறாராம், இவர் தேவராஜை. இதில் யாருக்கும் சொந்த முடிவே கிடையாதாம். "டேப்ப இன்னா தேவராஜா ஒட்றான்? டார்கெட் ஒட்டுது மேடம்!"

வியாழக்கிழமை, டீக்குப் பிறகு

எனக்குப் பேஜாராகிவிட்டது. டீ நேரத்தில் யாரிடமும் சொல்லாமல் போய் டேப்பை உரித்துப் போட்டேன். திரும்பி வந்த தேவராஜ் கவனிக்கவில்லை. தோல்மேல் நழுவிய வெட்டும் அச்சைத் தள்ள இடது கை உள்ளே போனது. வலது கை பழக்கத்தில் பொத்தானை அமுக்கியது. மெஷின் அசையவில்லை. மனிதர் கையை வெளியே இழுத்து ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார். எனக்கு ஒரு விசில் அடிக்கலாம் போலிருந்தது.

ஓடிவந்த கோபி, "உன் நேரம் நல்லாருக்குது" என்றார். ஜாதகம் நம்பாத அதே கோபிதான்! எனக்கு வரவேண்டிய பேர் இந்தத் தடவையும் போச்சு என்று நினைத்தேன். தேவராஜ் விடவில்லை. "நேரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. டேப்பு இல்ல, அவ்ளோதான்! வேற யாரு, மேடம்தான் உரிச்சிருப்பாங்க!"

மறுநாள் காலை

ஷிப்ட் தொடங்குமுன் அவரே மெஷின் மெஷினாகப் போய் மற்றவர்கள் ஒட்டியிருந்த டேப்பை உரித்துக்கொண்டிருந்தார். கூட வேலை செய்யும் ஒருவர் வழிமறித்து, விதிப்படிதானே எல்லாம் நடக்கும் என்று வாதாடினார். என் போஸ்டரால் முடியாததைத் தேவராஜ் ஒரே மூச்சில் முடித்தார். "இன்னா எழுதியிருக்குன்னு நீ படிச்சியா? படிக்கற வரைக்கும் ரெண்டு கையாலயும் அமுக்கு!"

விதி உண்டா இல்லையா என்பதைப் பெரியவர்கள் பேசி முடிக்கட்டும். எங்கள் கட்டிங் செக்‌ஷனில் ஜெயித்தது நான்தான் என்று இப்போதைக்குச் சொல்லிக்கொள்கிறேன்.