கோடாலியா, கல்லா?

“...கூரா இருந்தா மட்டும் கோடாலி ஆயிடுமா, மாமா? ஆத்துல உருண்டு உடைஞ்ச கல்லும்தான் கூரா இருக்கும்.”

கொல்கத்தா ஜாதவ்பூரில் இருக்கும் என் இட்லிக் கடைக்கு அந்த ஆராய்ச்சி மாணவி தினமும் வருவார். நரைக்கத் தொடங்கிய குட்டை முடி, தோளில் துணிப்பை, பை நிறையக் கல். இட்லி வரும்வரை ஒவ்வொரு கல்லையும் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். எல்லாம் புருலியா மாவட்டத்தில் அவரே பொறுக்கியவை. கற்கால மனிதர் செதுக்கிய கருவிகளாம்.

அன்று பதினொரு மணிக்குப் பேராசிரியர்கள் முன்னால் அவற்றைக் காட்ட வேண்டும். கையில் அவர் வைத்திருந்ததோ, ஆராய்ச்சிக்கே ஆதாரமான கல்.

“இதுல எல்லா உடைப்பும் புதுசு மாமா. பழைய கருவின்னா உடைஞ்ச இடம் மங்கி, மழுங்கிப் போயிருக்கும். இதைத் தண்டவாளத்துக்குப் பக்கத்துல எடுத்தேன். இது ரயில்வே ஜல்லி. கிரஷர் மிஷின் உடைச்சது. எப்படி ஏமாந்திருக்கேன் பாருங்க!”

“எனக்குக் கோடாலியாத்தான் தெரியுது. பேசாம கொண்டுபோய்க் காட்டும்மா. அங்க யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரிஞ்சு போச்சே, மாமா.”

குரல் கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான். அந்த ஒரு கல்லோடு விட்டிருக்கலாம் என்றுதான் இன்றும் எனக்குத் தோன்றுகிறது. அவரோ, கருவி என்று குறித்து அதில் எழுதியிருந்த எண்ணை நகத்தால் சுரண்டி அழித்தார். பிறகு இட்லித் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, பையை மேஜைமேல் கவிழ்த்து, மற்ற கற்களை ஒவ்வொன்றாக மறுபடியும் பார்க்க ஆரம்பித்தார்.