‘மறுபடி அனுப்பு’ என்ற ஹெர்பி

ஹெர்பி பாரூவைப் படையில் சேர்க்கும் முன் மருத்துவர் பல்லைப் பார்த்தார், மார்பைத் தட்டினார், கடைசியில் தோலைப் பார்த்தார். கறுப்பர்களைச் சேர்க்கக் கூடாது என்பது சட்டம்.

"உன் அப்பன் யாருப்பா?"

"ஸ்காட்லாந்துக்காரர் சார். வெயில்ல ரொம்ப நேரம் நின்னுட்டாரு."

மருத்துவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சாவதற்குக்கூட நிறம் பார்த்த நாடு எங்களுடையது.

குயின்ஸ்லாந்தின் மாட்டுப் பண்ணை ஒன்றில் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தவன் ஹெர்பி. நடக்கும் முன்பே குதிரை ஏறினான் என்பது அவனே பரப்பிய கதை. சமிக்ஞைப் பிரிவில் சேர்ந்தால் கக்கூஸ் குழி வெட்ட வேண்டாம் என்று யாரோ சொல்ல, இரண்டே வாரத்தில் மோர்ஸ் தந்திக் குறிகளைக் கற்றான். நான் ஸ்டான், ஆட்டு ரோமம் கத்தரிப்பவன், தொழிற்சங்கக்காரன். சினாய்ப் பாலைவனத்தில் நாங்கள் ஜோடி. அவன் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்வான், நான் எழுதுவேன்.

அன்று எங்கள் குதிரைப்படை ஸுவைதா கிணறுகளைத் தாக்கிக்கொண்டிருந்தது. காலையில் சார்ஜென்ட் டாய்ல் முப்பது பேரோடு வெகுதூரம் சுற்றி, எதிரியின் முதுகுப் பக்கம் போயிருந்தார். மேற்கே பள்ளத்தில் தலைமையிடம், கிழக்கே கிணறுகள். நடுவே இருந்த மொட்டை மலையில், வெயிலைத் திருப்பி மோர்ஸ் குறிகளாக மின்னவைக்கும் சூரியக் கண்ணாடியோடு நாங்கள். இரு பக்கமும் தெரிந்த ஒரே இடம் அதுதான். டாய்ல் ஒளி காட்டினால் நாங்கள் வாங்கி மேற்கே அனுப்ப வேண்டும்.

பிற்பகலாகியும் டாய்லிடமிருந்து ஒளி வரவில்லை. முந்தின நாளிலிருந்து குதிரைகளுக்குத் தண்ணீர் இல்லை. அப்போது மேற்கே மின்னியது.

"எழுதாத ஸ்டான்," என்றான் ஹெர்பி.

"ஏன்டா?"

"கடையை மூடிட்டு எறங்கி வான்னு சொல்றானுங்க. படை பின்வாங்குதாம்."

"அப்ப டாய்ல்?"

"டாய்லைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல."

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. எதிர்முனை 'கிடைத்தது' என்று ஒளி காட்டாதவரை செய்தி போய்ச் சேரவில்லை என்றே பொருள். அதுவரை அனுப்பியவன் கண்ணாடியை மடிக்கக் கூடாது.

ஹெர்பி 'மறுபடி அனுப்பு' என்று அடித்தான்.

தலைமையிடத்தில் கண்ணாடி பிடித்திருந்தவன் நாபி. அவனுக்கு வெயில் முதுகுப் பக்கம், அதனால் இரண்டு கண்ணாடி வைத்து ஒளியைத் திருப்ப வேண்டும். சற்று ஆடும். சாக்குக்கு அது போதும். மறுபடி அனுப்பினான். ஹெர்பி மறுபடியும் 'மறுபடி' என்றான்.

"கோர்ட் மார்ஷல் பண்ணிருவாங்கடா."

"பண்ணட்டும். மொதல்ல நான் படையில இருக்கேன்னு ஒத்துக்கணும்ல? நாபி நின்னாத்தான் டாய்லுக்கு வழி. நாம எறங்கிட்டா அந்த முப்பது பேரும் காலி மலைக்குத்தான் வெளிச்சம் அடிப்பானுங்க."

கீழ்ப்படிதலே தலையாய ஒழுக்கம் என்று பாதிரியாரும் தளபதியும் ஒரே குரலில் போதிக்கிறார்கள். ஆடும் கீழ்ப்படிகிறது. அதன் ரோமம் யார் முதுகில் கம்பளியாகிறது என்று கத்தரித்தவனுக்குத் தெரியும்.

நாபி ஒரு கட்டத்தில் பொறுமை இழந்தான். ஹெர்பி எழுத்தெழுத்தாகப் படித்தான்: "குருட்டுப் பன்னி."

அந்த வசவுக்கு மட்டும் ஹெர்பி உடனே 'கிடைத்தது' என்று அடித்தான். எனக்குச் சிரிப்பில் பென்சில் முறிந்தது.

ஆனால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அது மறைந்தால் எங்கள் கண்ணாடி வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி. பள்ளத்திலிருந்து முதல் வரிசைக் குதிரைகள் மேற்கே நகரத் தொடங்கியிருந்தன. நான் கிழக்கையே வெறித்தேன். மணல், பேரீச்சை, புகை. பேரீச்சைகளுக்குப் பின்னால் ஓர் ஒளிப் பொட்டு.

"ஹெர்பி! அங்க!"

அவன் தொலைநோக்கியைத் திருப்பினான். "கிணறு... நம்ம கையில. எதிரி... சரணடைஞ்சாச்சு. தண்ணி ஏராளம். டாய்ல்."

அவன் கை அத்தனை வேகமாக அடித்து நான் பார்த்ததில்லை. நாபி ஒரே தடவையில் வாங்கினான். 'கிடைத்தது' என்பதை மூன்று முறை காட்டினான் அந்தப் பைத்தியக்காரன். மேற்கே போன புழுதி நின்றது, வளைந்தது, எங்களை நோக்கி வந்தது. இரண்டாயிரம் குதிரைகள் மலையடியைக் கடந்து தண்ணீரை நோக்கி ஓடின. நாங்கள் தொப்பியை வீசிக் கத்தினோம்.

அந்த வெற்றிக்கான பதக்கம் பின்னாளில், பின்வாங்கும் ஆணையை அனுப்பிய மேஜர் கிளெமன்ஸுக்குப் போனது. போர் முடிந்து ஊர் திரும்பியவர்களுக்கு அரசாங்கம் நிலம் தந்தபோது, ஹெர்பிக்கு இல்லை என்றது. ஆனால் அன்று மாலை கிணற்றடியில் அரசாங்கம் இல்லை, டாய்ல்தான் இருந்தார்.

தொட்டியில் அதிகாரிகளின் குதிரைதான் முதலில் குடிக்கும், அது வழக்கம். மேஜர் தம் வெள்ளைக் குதிரையோடு வந்தார். மலையிலிருந்து நாங்களும் வந்து சேர்ந்தோம். மேஜர் ஹெர்பியை மறித்தார்.

"மறுபடி மறுபடின்னு விளையாடுனது நீதானே? உன்னைக் காவல்ல வைக்கிறேன்."

டாய்ல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். "என்ன செய்தி சார் அது, இவன் வாங்காதது?"

மேஜர் தம் குதிரையைத் தொட்டிப் பக்கம் நடத்தினார்.

"நீயே சொல்லுடா ஹெர்பி."

"படை பின்வாங்குது, எறங்கி வான்னு சார்ஜென்ட்."

"எங்களைப் பத்தி?"

"ஒண்ணும் இல்ல."

டாய்லோடு போன முப்பது பேர் காதிலும் அது விழுந்தது. ஒருவர் பின் ஒருவராக எழுந்து வந்து தொட்டிக்கும் வெள்ளைக் குதிரைக்கும் நடுவே நின்றார்கள். யாரும் துப்பாக்கியைத் தொடவில்லை, மேஜருக்குச் சல்யூட்டும் வைக்கவில்லை.

"காவல் பத்தி அப்புறம் பேசலாம் சார்," என்றார் டாய்ல். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. டேய் ஹெர்பி, உன் குதிரையைக் கொண்டா."

ஹெர்பியின் கறுப்புப் பெட்டைக்குதிரை மூக்குவரை அமிழ்த்திக் குடிக்க ஆரம்பித்தது. மேஜர் தம் குதிரையின் கடிவாளத்தைத் தாமே பிடித்துக்கொண்டு, அந்தக் கறுப்புக் குதிரை குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.